ஃபெரர்ஸ் பிரபு: தன் சித்தப்பிரமையைத் தானே நிரூபிக்க வேண்டியிருந்தவர்

கேள்வி இது: இங்கிலாந்தில் கொலைக் குற்றத்துக்காக ஒரு பிரபுவைப் பட்டுக் கயிற்றில் தூக்கிலிட்டார்களாமே, அவர் யார், அந்தக் கதை எவ்வளவு உண்மை, பிரபு என்பதால் சட்டம் அவருக்கு ஏதாவது சலுகை காட்டியதா?

அவர் பெயர் லாரன்ஸ் ஷர்லி, நான்காம் ஃபெரர்ஸ் ஏர்ல் (ஏர்ல் என்பது ஆங்கிலப் பிரபுக்களின் பட்டங்களுள் ஒன்று). 1720ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி பிறந்து, 1760ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி லண்டனில் டைபர்ன் தூக்குமேடையில் உயிர்விட்டார். வாழ்ந்த காலத்தில் அவர் அரசியலில் எதையும் சாதித்தவர் அல்லர். போர்க்களம் கண்டவரும் அல்லர். ஒரு கொலையைச் செய்யாதிருந்தால் குடும்ப மரத்தின் ஒரு கிளையில் வெறும் பெயராக மட்டுமே அவர் எஞ்சியிருப்பார். பட்டுக் கயிற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட மூன்றாவது கேள்விதான் சுவையானது. சலுகை இருந்தது, ஆனால் அந்தச் சலுகையே அவர் கழுத்தை இறுக்கியது என்பதுதான் என் பதில்.

ஷர்லி குடும்பம் மத்திய இங்கிலாந்தின் பழைய நிலக்கிழார்க் குடும்பங்களுள் ஒன்று. லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டான்டன் ஹாரல்ட் அதன் தலைமை இருப்பிடம். அந்த மாளிகையை அடுத்து இன்றும் நிற்கும் தேவாலயத்தை 1653இல், மன்னராட்சி வீழ்ந்திருந்த காலத்தில், துணிந்து கட்டத் தொடங்கியவர் சர் ராபர்ட் ஷர்லி. மன்னர் பக்கம் நின்றதற்காக அவர் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டு 1656இல் அங்கேயே இறந்தார். அவருடைய மகனுக்கு 1711இல் ஏர்ல் பட்டம் கிடைத்தது. இந்த முதல் ஏர்லுக்கு இரண்டு மனைவியர் வழியாக இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவ்வளவு பிள்ளைகள் இருந்தும் பட்டம் நேராக இறங்கவில்லை. இரண்டாம் ஏர்லிடமிருந்து அவர் தம்பிக்குப் போய், அந்த மூன்றாம் ஏர்ல் வாரிசின்றி 1745இல் இறந்தபோது தம்பி மகனான லாரன்ஸின் கைக்கு வந்தது. அந்தப் பெரியப்பா ஹென்றி, புத்தி பேதலித்தவர் என்று அடையாளப்படுத்தப்பட்டு வாழ்நாளின் பிற்பகுதியைக் கழித்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கில் திரும்ப வரும்.

இருபத்தைந்து வயதில் மூன்று மாவட்டங்களில் நிலமும் பிரபுக்கள் சபையில் இருக்கையும் பெற்ற இளைஞர், குடிக்காதபோது நாகரிகமானவராகவும் கணக்கு வழக்குகளில் கூர்மையானவராகவும் இருந்தார் என்றும், குடித்தால் ஆள் மாறிவிடுவார் என்றும் பின்னாளில் சாட்சிகள் சொன்னார்கள். குடிக்காத வேளைகளிலும் யாரோ தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்ற ஐயம் அவரை விட்டதில்லை. தனியே முணுமுணுத்துக்கொண்டு உலாவுவார், கண்ணாடி முன் நின்று முகத்தைக் கோணிக்கொள்வார், காரணமின்றி முஷ்டியை இறுக்குவார். 1752இல் மேரி மெரடித் என்ற இளம்பெண்ணை மணந்தார். அவளை அவர் அடித்ததும் மிரட்டியதும் ஊரறிந்த செய்தியாகி, 1758இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி அவளைக் கணவனிடமிருந்து பிரித்துவைத்தது. அந்தக் காலத்தில் ஒரு மனைவி கொடுமையைக் காரணம் காட்டி நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாகப் பிரிந்து வாழும் உரிமை பெறுவது மிக அரிது. அந்த அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

கொலையின் விதை இந்தச் சட்டத்தில்தான் இருந்தது. மனைவிக்கு ஜீவனாம்சம் போய்ச்சேர வேண்டுமே என்பதற்காக, எஸ்டேட்டின் வருமானத்தைப் பொறுப்பாளர்களின் கையில் ஒப்படைத்து, குத்தகைப் பணத்தை வசூலிக்க ஒருவரை நியமிக்கும்படி சட்டம் சொன்னது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஃபெரர்ஸுக்கே கிடைத்தது. நீண்ட காலமாகக் குடும்பத்தில் வேலை செய்த காரியஸ்தர் ஜான் ஜான்சனை அவர் சொன்னார். வீட்டு உப்பைத் தின்று வளர்ந்தவன் நம் பேச்சைக் கேட்பான் என்பது அவர் கணக்கு. ஜான்சனோ, வசூலித்த பணத்துக்குச் சட்டப்படி யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கே பதில் சொன்னார். தனக்குத் தெரியாமல் ஐம்பது பவுண்டை மனைவிக்குக் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது பிரபுவின் கோபம் எல்லை மீறியது. ஜான்சன் குத்தகைக்கு எடுத்திருந்த பண்ணையிலிருந்து அவரை வெளியேற்ற முயன்றார். பொறுப்பாளர்கள் முறைப்படி குத்தகை எழுதிக்கொடுத்திருந்ததால் அதுவும் பலிக்கவில்லை. சொந்த நிலத்திலிருந்து சொந்த வேலையாளை நீக்க முடியாத நிலக்கிழார்! அந்த அவமானத்தை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மாறாக, கடைசிச் சில வாரங்களில் ஜான்சனிடம் வழக்கத்தைவிட இனிமையாகப் பேசினார்.

1760 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வந்து பார்க்கும்படி ஜான்சனுக்குச் சொல்லப்பட்டது. வெள்ளிக்கிழமை வந்ததும், தன்னோடு வாழ்ந்த மார்கரெட் கிளிஃபர்ட் என்ற பெண்ணையும், அவள் வழிப் பிறந்த நான்கு மகள்களையும் அவளுடைய தகப்பன் வீட்டுக்கு நடந்து போய்வரச் சொல்லி, ஐந்து மணிக்கு மேல்தான் திரும்ப வேண்டும் என்று பிரபு அனுப்பிவைத்தார். ஆண் வேலைக்காரர்களை ஆளுக்கொரு வேலை சொல்லி வெளியே அனுப்பினார். வீட்டில் மூன்று பணிப்பெண்கள் மட்டுமே மிஞ்சினார்கள். ஜான்சன் வந்தார். அறைக் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது. சிறிது நேரம் கழித்து, மண்டியிடச் சொல்லி அதட்டும் குரலும், பிறகு துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் அந்தப் பெண்களின் காதில் விழுந்தன. கையெழுத்திடச் சொல்லி நீட்டிய தாளில், தான் அயோக்கியன் என்று ஒப்புக்கொள்ளும் வாசகம் இருந்தது, ஜான்சன் மறுத்திருந்தார்.

குண்டு பட்ட மனிதர் உடனே சாகவில்லை. அடுத்து நடந்தவைதான் வழக்கில் மிக முக்கியமான சான்றாயின. ஆஷ்பி என்ற பக்கத்து ஊரிலிருந்து தாமஸ் கர்க்லண்ட் என்ற அறுவை மருத்துவரை அழைத்துவர ஆள் அனுப்பியவர் ஃபெரர்ஸேதான். வந்தவரிடம், ஜான்சனைத் தான்தான் சுட்டதாகவும், வேண்டுமென்றே சுட்டதாகவும் சொன்னார். பிழைத்துவிடுவானா என்று பதற்றத்தோடு கேட்டார். இரவு முழுக்கக் குடித்தார். குடிக்கக் குடிக்க வருத்தம் கோபமாக மாறி, படுக்கையில் கிடந்தவரையே மீண்டும் தாக்கப் போனார். கர்க்லண்ட் சாமர்த்தியசாலி. காயம் ஆபத்தில்லை என்று பிரபுவை ஏமாற்றித் தூங்கவைத்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் ஆட்களைக் கூட்டிவந்து, ஜான்சனை அவருடைய வீட்டுக்குத் தூக்கிச் சென்றார். மறுநாள் காலை சுமார் ஒன்பது மணிக்கு ஜான்சன் இறந்தார். செய்தி பரவியதும் ஊர்மக்கள் ஆயுதங்களோடு மாளிகையைச் சூழ்ந்தார்கள். பிரபு பாதி உடுத்திய கோலத்தில் சில மணி நேரம் போக்குக் காட்டிவிட்டு, தோட்டத்துப் புல்வெளியில் பிடிபட்டார். பிடித்தவர் கர்டிஸ் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஏர்ல் ஒருவரைக் கைதுசெய்தது படையல்ல, காவலருமல்ல. ஒரு சுரங்கத் தொழிலாளி என்பது அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

இனி வழக்குக்கு வருவோம். சாதாரண மனிதர் கொலை செய்தால் மாவட்ட அமர்வில் ஒரு நீதிபதியும் பன்னிரண்டு ஜூரர்களும் அரைநாளில் முடித்துவிடுவார்கள். பிரபு கொலை செய்தால் அவரை விசாரிக்கும் உரிமை சக பிரபுக்களுக்கு மட்டுமே உண்டு. முதலில் லெஸ்டர் சிறையில் இருந்த ஃபெரர்ஸ், பிப்ரவரியில் பலத்த காவலோடு லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டார். குதிரைப் பந்தய ஜாக்கியைப் போன்ற உடையில், தொப்பியும் காலணியுமாக, ஆறு குதிரை பூட்டிய தன் சொந்த சாரட்டில் அவர் வந்து இறங்கினார். பிரபுக்கள் சபை அவரைக் கோபுரச் சிறைக்கு அனுப்பியது. அவருடைய கொள்ளுத் தாத்தா உயிர்விட்ட அதே சிறை.

விசாரணை ஏப்ரல் 16ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கியது. மண்டபம் முழுக்க மேடைகளும் சிவப்புத் துணியும் அமைத்து, அனுமதிச் சீட்டு கொடுத்து, நாடகம் பார்ப்பதுபோல் நகரத்துச் சீமாட்டிகள் வந்து அமர்ந்தார்கள். தலைமை தாங்கியவர் ராபர்ட் ஹென்லி. பிரபுக்களை விசாரிக்கும் அவைக்குத் தலைமை ஏற்பவரும் பிரபுவாக இருக்க வேண்டாமா? அதற்கு முந்தைய மாதம்தான் அவருக்கு அவசரமாகப் பட்டம் அளித்திருந்தார்கள். அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் சார்ல்ஸ் பிராட்டும் சொலிசிட்டர் ஜெனரல் சார்ல்ஸ் யார்க்கும் நின்றார்கள். அந்நாளின் மிகச் சிறந்த சட்ட மூளைகள் இரண்டு.

எதிர்த்தரப்பில் யார் நின்றார்? ஃபெரர்ஸ் தனியாக நின்றார். கொலை போன்ற பெருங்குற்ற வழக்கில் சட்ட நுணுக்கம் குறித்து வாதிட மட்டுமே குற்றவாளிக்கு வழக்கறிஞர் உண்டு; நடந்தது என்ன என்று சாட்சிகளைக் கேட்பதற்கோ சபையை நோக்கிப் பேசுவதற்கோ கிடையாது. இந்த விதி எல்லாருக்கும் பொதுவானதுதான். ஆனால் லண்டனின் சாதாரணக் குற்றவியல் நீதிமன்றத்தில் 1730களிலிருந்தே நீதிபதிகள் மனமிரங்கி, குறுக்கு விசாரணைக்காவது வழக்கறிஞரை அனுமதிக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ஒரு திருடனுக்குக் கிடைக்கக்கூடிய அந்த இரக்கம், மாட்சிமை மிக்க பிரபுக்கள் அவையில் ஒரு ஏர்லுக்குக் கிடைக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் பழைய விதி எழுத்துப் பிசகாமல் காக்கப்பட்டது.

அவருடைய வாதமோ, தனக்கு அவ்வப்போது சித்தம் கலங்குகிறது, கொலை நடந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்பது. இதை நிரூபிக்கச் சாட்சிகளை நிறுத்தி, அவரே எழுந்து, ஒவ்வொருவரிடமும், நான் பைத்தியக்காரனைப் போல நடந்துகொண்டதை நீ எப்போது கண்டாய் என்று கேட்க வேண்டியிருந்தது. தம்பிகள் இருவர், ராபர்ட்டும் பாதிரியாரான வால்ட்டரும், அண்ணனுக்குப் புத்தி சரியில்லை என்று அண்ணன் கேட்ட கேள்விகளுக்கே பதிலாகச் சொன்னார்கள். பெரியப்பா ஹென்றியின் கதையும் பரம்பரைச் சான்றாக வந்தது. பெத்லம் மனநோய் மருத்துவமனையின் மருத்துவர் ஜான் மன்றோவும் சாட்சிக் கூண்டில் ஏறினார். சித்தக் கலக்கத்தின் அறிகுறிகள் எவை, காரணமற்ற ஐயம் அதில் சேருமா, குடிப்பதால் அது பெருகுமா என்றெல்லாம் ஃபெரர்ஸ் கேட்க, மருத்துவர் ஒவ்வொன்றாக ஆமோதித்தார். ஆங்கில நீதிமன்றத்தில் மனநோய் பற்றி நிபுணர் ஒருவர் சாட்சி சொன்ன ஆரம்பகால நிகழ்வுகளில் இது ஒன்று என்று சட்ட வரலாற்றாளர்கள் இன்றும் குறிப்பிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் கண்ணி இறுகியது. கேள்விகளை அவர் எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாரோ, அவ்வளவுக்கு அவருடைய வாதம் பலவீனப்பட்டது. தடுமாறியிருந்தால் வழக்கைச் சரியாக நடத்தவில்லை என்று தோற்றிருப்பார்; தெளிவாக நடத்தியதால் இவ்வளவு தெளிவுள்ளவரா பைத்தியம் என்று தோற்றார். யார்க் தன் பதிலுரையில் சட்டத்தைத் துல்லியமாக எடுத்துரைத்தார்: அறிவு முற்றாக இழந்தவனுக்கே விலக்கு உண்டு, ஓரளவு கலங்கியவன், நல்லது கெட்டதைப் பகுத்தறியும் ஆற்றல் செயல் நேரத்தில் எஞ்சியிருந்தால், பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஐந்து நாள் முன்பே நாள் குறித்து, வீட்டைக் காலிசெய்து, கதவைப் பூட்டிச் செய்த கொலையை வைத்துக்கொண்டு அவர் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. இளைய பிரபுவில் தொடங்கி ஒவ்வொருவராக எழுந்து, மார்பில் கை வைத்து, தம் மானத்தின் மீது ஆணையாகக் குற்றவாளி என்றார்கள். பிரபுக்கள் சத்தியப் பிரமாணம் எடுப்பதில்லை, மானமே போதும். மாற்றுக் குரல் ஒன்றுகூட எழவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், ஃபெரர்ஸ் இன்றைய அளவுகோலில் மனநோயாளியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றைய சட்டத்தின்படி குற்றவாளி என்பதிலும் ஐயமில்லை. பிற்பாடு அவரே, சித்தக் கலக்கம் என்ற வாதத்தைக் குடும்பத்தார் வற்புறுத்தியதால்தான் எடுத்ததாகவும், அதற்காக வெட்கப்படுவதாகவும் பிரபுக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பைத்தியக்காரன் என்று பெயரெடுப்பதைவிடக் கொலைகாரன் என்று சாவது அந்தக் குலத்துக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது.

தண்டனையும் அந்தஸ்தைப் பார்க்கவில்லை. 1752 முதல் நடைமுறையில் இருந்த கொலைச் சட்டப்படி, தூக்கிலிட்ட பின் உடலை அறுத்து ஆராய மருத்துவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். தீர்ப்பு ஏப்ரல் 18 வெள்ளிக்கிழமை. சட்டப்படி திங்களன்றே தூக்கு. பிரபு என்பதற்காக அதை மே 5 வரை தள்ளிவைத்தார்கள். தலை வெட்டப்பட்டு, கோபுரச் சிறைக்குள்ளேயே சாக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். தலைவெட்டு ராஜத் துரோகிகளுக்கான மரியாதை. வேலையாளைச் சுட்டவனுக்கு அது இல்லை என்று மன்னர் இரண்டாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். காத்திருந்த நாள்களில் காவலர்களோடு சீட்டாடினார். உறவுக்காரியும் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சமய இயக்கத்தின் பெரும் புரவலருமான ஹண்டிங்டன் சீமாட்டி வந்து ஆன்மாவைப் பற்றிப் பேசினார். அதில் அவருக்கு நாட்டம் ஏற்படவில்லை.

மே 5 காலை சுமார் ஒன்பது மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. துக்க வண்டியில் போக மறுத்து, தன் சொந்த சாரட்டிலேயே சென்றார். வெள்ளிச் சரிகை வேலைப்பாடு செய்த வெளிர்நிறத் திருமண உடையை அணிந்திருந்தார். அருகில், தண்டனையை நிறைவேற்றும் பொறுப்புள்ள அதிகாரியான ஷெரீஃப் பால் வயான், தொழிலால் ஒரு புத்தக வியாபாரி, அமர்ந்திருந்தார். முன்னும் பின்னும் படைவீரர்கள், துக்க வண்டி, உடலைக் கொண்டுபோக ஆறு குதிரை பூட்டிய இன்னொரு வண்டி. கூட்ட நெரிசலில் டைபர்ன் போய்ச்சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இவ்வளவு பேர் ஏன் கூடியிருக்கிறார்கள் என்பதற்கு, பிரபு ஒருவன் தூக்கில் தொங்குவதை இவர்கள் இதுவரை பார்த்ததில்லை போலும் என்று அவரே ஷெரீஃபிடம் காரணம் சொன்னாராம். வழியில் மார்கரெட் கிளிஃபர்ட் ஒரு வண்டியில் காத்திருந்தாள். அவளிடம் விடைபெற விரும்பினார். அவளைப் பார்த்தால் இதுவரை காத்த உறுதி குலைந்துவிடும் என்று ஷெரீஃப் சொன்னதும் ஒப்புக்கொண்டு, மோதிரத்தையும் பணப்பையையும் அவளிடம் சேர்க்கும்படி கொடுத்துவிட்டார்.

தூக்குமேடையிலும் ஒரு புதுமை காத்திருந்தது. வழக்கமாக ஒரு கட்டை வண்டியில் நிற்கவைத்து, வண்டியை நகர்த்திவிடுவார்கள். இவருக்காகக் கறுப்புத் துணி போர்த்திய தனி மேடை அமைத்து, காலடிப் பலகை கீழிறங்கும் ஏற்பாட்டை முதன்முதலாகச் செய்தார்கள். தன்னை மன்னிக்கும்படி வேண்டிய தூக்குக்காரனுக்குக் கொடுக்க நினைத்த ஐந்து கினிப் பொற்காசுகளை அவர் தவறுதலாக உதவியாளன் கையில் கொடுத்துவிட, இருவரும் மேடையிலேயே சண்டை பிடித்தார்கள். பலகை போதிய அளவு இறங்காததால் கால் விரல்கள் அதில் பட்டன. ஆட்கள் காலைப் பிடித்து இழுத்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் உடல் தொங்கியபோது ஷெரீஃப்கள் மேடைமேலேயே நின்று சாப்பிட்டதாக அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. பலகை இறங்கும் முறை நிலைபெற்றது, தூக்குத் தண்டனை டைபர்னை விட்டு நியூகேட் சிறை வாசலுக்கு மாறிய 1783க்குப் பிறகுதான்.

பட்டுக் கயிறு? உடையின் சரிகை முதல் மேடைத் துணியின் நிறம்வரை எழுதிவைத்திருக்கும் காலத்தில், அப்படியொரு கயிறு இருந்திருந்தால் அதுவே தலைப்புச் செய்தியாகியிருக்கும். 1557இல் சால்ஸ்பரியில் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட ஸ்டவர்ட்டன் பிரபுவைப் பற்றியும் இதே பட்டுக் கயிற்றுக் கதை உண்டு. ஆகவே, பிரபு என்றால் பட்டு என்ற ஊர்க் கற்பனை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

உடல் அறுவை மருத்துவர்களின் மன்றத்தில் அறுக்கப்பட்டு, திறந்த பெட்டியில் பார்வைக்கு வைக்கப்பட்டது. பின்பு செயின்ட் பான்கிரஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள். 1782இல்தான் ஸ்டான்டன் ஹாரல்டுக்குக் கொண்டுசென்றார்கள். உயிலில் ஜான்சனின் பிள்ளைகளுக்கு 1,300 பவுண்டும், தன் நான்கு மகள்களுக்குத் தலா 1,000 பவுண்டும், மார்கரெட்டுக்கு ஆண்டுக்கு 60 பவுண்டும் எழுதியிருந்தார். தீர்ப்புக்குப் பின் எழுதிய உயில் செல்லாது. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குடும்பம் ஏற்பாடு செய்துகொடுத்தது.

அந்தஸ்து எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்பதற்கு இன்னொரு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1765இல் ஐந்தாம் பைரன் பிரபு, கவிஞர் பைரனின் பெரிய தாத்தா, மதுக்கூடம் ஒன்றில் ஏற்பட்ட தகராறில் பக்கத்து நிலக்கிழார் வில்லியம் சாவொர்த்தை வாளால் குத்திக் கொன்றார். அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், அதே பிரபுக்கள். கொலையல்ல, முன்திட்டமின்றி நேர்ந்த ஆட்கொலை என்று தீர்ப்பாயிற்று; முதல் குற்றத்துக்குப் பிரபுக்களுக்கு இருந்த பழைய சட்ட விலக்கைக் காட்டி, கட்டணத்தைச் செலுத்திவிட்டு வீடு திரும்பினார். அந்த விலக்கு கொலைக்குப் பொருந்தாது. ஃபெரர்ஸ் அதனால்தான் சித்தக் கலக்கத்தைப் பற்றிக்கொண்டார். கோபத்தில் குத்தியவனுக்குப் பட்டம் கைகொடுத்தது, நாள் குறித்துச் சுட்டவனுக்குக் கொடுக்கவில்லை. அந்த விலக்கு 1841இல் ஒழிந்தது. சக பிரபுக்களே விசாரிக்கும் முறை கடைசியாக 1935இல் பயன்பட்டு, 1948இல் நீக்கப்பட்டது. பெருங்குற்ற வழக்குகளில் எல்லாருக்கும் முழுமையாக வாதாட வழக்கறிஞர் உரிமை கிடைத்தது 1836இல்.

தம்பி வாஷிங்டன் ஷர்லி ஐந்தாம் ஏர்லானார். கடற்படை அதிகாரியான அவர், 1761இல் சூரியனைக் கடந்த வெள்ளிக் கோளை அவதானித்துக் குறிப்பெழுதி, அந்த ஆண்டின் இறுதியில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் எந்திரத்தைச் சுற்றி மக்கள் நிற்பதாக டார்பி நகரத்து ஓவியர் ஜோசஃப் ரைட் தீட்டிய புகழ்பெற்ற படத்தை விலைக்கு வாங்கியவரும் அவரே. மேரி மெரடித் 1769இல் ஃபிரெடரிக் கேம்பல் பிரபுவை மணந்து பல ஆண்டுகள் வாழ்ந்து, 1807இல் கென்ட் மாவட்டத்துக் கூம் பேங்க் மாளிகையில் ஏற்பட்ட தீ விபத்தில் இறந்தார்.